18446744073709551615: இந்த எண்ணின் காரணிகளுக்கு நடுவே 641 எப்படி வந்தது?

கேள்வி: கரும்பலகை

வணக்கம். நான் ஓர் அரசுப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்குக் கணிதம் கற்பிக்கிறேன். பெருக்குத் தொடரின் கூடுதலை விளக்கும்போது சதுரங்கப் பலகைக் கணக்கைச் சொல்வது என் வழக்கம். முதல் கட்டத்தில் ஒரு கோதுமை மணி, அடுத்ததில் இரண்டு, அதற்கடுத்ததில் நான்கு என்று இரட்டித்துக்கொண்டே போனால் அறுபத்து நான்கு கட்டங்களிலும் சேரும் மணிகள் 2⁶⁴ − 1, அதாவது 18446744073709551615. நம் வழக்கப்படி வாசித்தால் ஒரு லட்சத்து எண்பத்து நான்காயிரத்து நானூற்று அறுபத்தேழு கோடி கோடியே நாற்பத்து நான்கு லட்சத்து ஏழாயிரத்து முந்நூற்று எழுபது கோடியே தொண்ணூற்றைந்து லட்சத்து ஐம்பத்தோராயிரத்து அறுநூற்றுப் பதினைந்து. இதை ஒரே மூச்சில் வாசிக்க மாணவர்கள் போட்டி போடுவார்கள்.

இந்த ஆண்டு ஒரு மாணவி, "இது எந்தெந்த எண்களால் வகுபடும், டீச்சர்?" என்று கேட்டாள். ஐந்தில் முடிவதால் 5 ஒரு காரணி என்பது உடனே தெரிந்தது. இலக்கங்களின் கூடுதல் 87 என்பதால் 3 வகுக்கும், 9 வகுக்காது. அதன் பிறகு 2⁶⁴ − 1 என்பதை இரு வர்க்கங்களின் வித்தியாசமாக எடுத்துக்கொண்டு (2³² − 1)(2³² + 1) என்று பிரித்தோம். முதல் அடைப்பை அதே முறையில் மீண்டும் மீண்டும் பிரித்ததில், கரும்பலகையில் கிடைத்தது இதுதான்:

3 × 5 × 17 × 257 × 65537 × 4294967297

ஒவ்வொன்றும் இரண்டின் அடுக்கோடு ஒன்றைக் கூட்டிய எண். முதல் ஐந்தும் பகா எண்கள் என்று சரிபார்த்துவிட்டோம். ஆறாவதும் அப்படித்தான் இருக்கும் என்று வகுப்பில் சொல்லிவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து பழைய பாடப்புத்தகம் ஒன்றைப் புரட்டியபோது 4294967297 = 641 × 6700417 என்று ஒரு வரி மட்டும் இருந்தது. பெருக்கிப் பார்த்தேன், சரியாக வருகிறது. ஆனால் மனம் ஒப்பவில்லை. இவ்வளவு ஒழுங்காக வந்த வரிசையில் 641 என்ற எண் எங்கிருந்து வந்தது? கணினி இல்லாமல் அதைக் கண்டுபிடிக்க வழி இருந்ததா? 6700417 பகா எண்தான் என்பதைப் பத்தாம் வகுப்பு மாணவர்களுக்குக் கையால் காட்ட முடியுமா? தவறாகச் சொன்னதைத் திருத்திச் சொல்ல வேண்டிய பொறுப்பு எனக்கு இருப்பதால், காரணத்தோடு சொல்ல விரும்புகிறேன்.

பதில் 1: மீதி_ஒன்று

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். மூன்று கேள்விகளுக்கும் தாளும் பேனாவும் போதும்.

641 வகுக்கிறது என்பதைப் பெருக்கிப் பார்க்காமலே காட்டிவிடலாம். 641-ஐ இரண்டு விதமாக எழுதுங்கள்: ஒன்று 5 × 2⁷ + 1, மற்றொன்று 5⁴ + 2⁴, அதாவது 625 + 16. முதல் வடிவத்தின்படி, 641-ஆல் வகுக்கும்போது 5 × 2⁷ என்பதன் மீதியை −1 என்று கொள்ளலாம். அதை நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 5⁴ × 2²⁸ என்பதன் மீதி 1. இரண்டாம் வடிவத்தின்படி 5⁴-க்குப் பதிலாக −2⁴ என்று போடலாம். போட்டால் −2³² என்பதன் மீதி 1 என்று வருகிறது. ஆகவே 2³² + 1 என்பதில் மீதியே இல்லை. முழுச் சான்றும் இவ்வளவுதான். நான் முதன்முதலில் இதைப் படித்த அன்று மூன்று முறை எழுதிப் பார்த்தேன்.

ஆனால் இந்தச் சான்று விடை தெரிந்த பிறகு எழுதப்படுவது. உங்கள் கேள்வி, விடையை எப்படித் தேடுவது என்பது. அதற்கு ஃபெர்மாவின் சிறிய தேற்றம் வழிகாட்டுகிறது: ஓர் ஒற்றைப் பகா எண்ணை எடுத்துக்கொண்டு, அதைவிட ஒன்று குறைவான அடுக்குக்கு 2-ஐ உயர்த்தி, அதே பகா எண்ணால் வகுத்தால் மீதி 1 வரும். இப்போது 2³² + 1 என்பதை ஏதோ ஒரு பகா எண் வகுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் அந்த எண்ணைப் பொறுத்தவரை 2³² என்பதன் மீதி −1, 2⁶⁴ என்பதன் மீதி 1. மீதி 1 வரும் மிகச் சிறிய அடுக்கு 64-ஐ வகுக்க வேண்டும், ஆனால் 32-ஐ வகுக்கக் கூடாது. அந்த நிபந்தனைக்குப் பொருந்துவது 64 ஒன்றே. சிறிய தேற்றத்தின்படி அந்தப் பகா எண்ணைவிட ஒன்று குறைவான அடுக்கிலும் மீதி 1 வரும். மீதி 1 தரும் அடுக்குகள் எல்லாம் மிகச் சிறியதன் மடங்குகளே. எனவே அந்தப் பகா எண்ணிலிருந்து ஒன்றைக் கழித்தால் கிடைப்பது 64-இன் மடங்காக இருந்தே தீர வேண்டும்.

இதைக் கொண்டே தேடல் மிகவும் சுருங்கிவிடுகிறது. 64-இன் மடங்கோடு ஒன்றைக் கூட்டிய எண்கள் 65, 129, 193, 257, 321, 385, 449, 513, 577, 641 என்று செல்கின்றன. இவற்றுள் பகா எண்கள் 193, 257, 449, 577, 641 ஆகிய ஐந்து மட்டுமே. ஐந்தாவது வகுத்தலில் விடை கிடைத்துவிடுகிறது.

இன்னும் ஒரு படி நெருக்கலாம். 2²⁴ − 2⁸, அதாவது 16776960 என்ற எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். இதை வர்க்கப்படுத்தினால் 2⁴⁸ − 2³³ + 2¹⁶ வரும். இதில் 2⁴⁸ + 2¹⁶ என்பது 2¹⁶ × (2³² + 1), ஆகவே அது 4294967297-ஆல் மீதியின்றி வகுபடும். எஞ்சி நிற்கும் −2³³ என்பது −2 × 2³². 2³²-இன் மீதி −1 என்பதால், மொத்த மீதி 2. ஆக, இந்த எண்ணைப் பொறுத்தவரை 16776960 என்பது இரண்டின் வர்க்கமூலம்போல நடந்துகொள்கிறது. 2-க்கு 64 அடுக்குகள் தேவைப்பட்டால், அதன் வர்க்கமூலத்துக்கு 128 தேவைப்படும். ஆகவே காரணிகள் 128-இன் மடங்கோடு ஒன்றைக் கூட்டிய வடிவில் மட்டுமே இருக்க முடியும். 129, 385, 513 ஆகியவை பகு எண்கள். 257 உங்கள் பட்டியலில் முன்பே இருக்கிறது. 3 முதல் 65537 வரையான ஐந்தையும் பெருக்கினால் 4294967297-ஐவிடச் சரியாக 2 குறைவாக வரும் என்பதால், அந்த ஐந்தில் எதுவும் 4294967297-ஐ வகுக்க முடியாது. 257 நீங்கியபின் கையில் இருக்கும் முதல் எண்ணே 641.

6700417-க்கும் இதே விதிதான். அது 4294967297-இன் காரணி, ஆகவே அதன் பகாக் காரணிகளும் 128-இன் மடங்கோடு ஒன்றைக் கூட்டிய வடிவில்தான் இருக்க வேண்டும். 6700417-இன் வர்க்கமூலம் 2589-ஐ எட்டவில்லை. அதற்குள் அந்த வடிவில் இருபது எண்களே உள்ளன, அவற்றுள் பகா எண்கள் 257, 641, 769, 1153, 1409. ஐந்தே வகுத்தல்கள்: மீதிகள் முறையே 170, 44, 120, 334, 622. ஒன்றும் பூச்சியமாகவில்லை. ஆகவே 6700417 பகா எண். எழுபது லட்சத்துக்குச் சற்றுக் குறைவான ஓர் எண்ணை ஐந்து வகுத்தல்களில் பகா எண் என்று நிறுவிவிடலாம் என்பதை மாணவர்கள் தம் கையால் செய்து பார்க்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

பதில் 2: பழைய_கணக்கு

மேலே எழுதியவர் கணக்கை முழுமையாகச் சொல்லிவிட்டார். ஆசிரியை, "ஆறாவதும் அப்படித்தான் இருக்கும்" என்று வகுப்பில் சொன்னதற்காக நீங்கள் வருந்த வேண்டியதில்லை என்பதைச் சொல்லவே எழுதுகிறேன். அதே வரிசையைப் பார்த்து அதே முடிவுக்கு வந்தவர் பதினேழாம் நூற்றாண்டுக் கணித மேதை ஃபெர்மா. 1640-ஆம் ஆண்டிலேயே அவர் தம் கடிதங்களில், இரண்டின் அடுக்கு 1, 2, 4, 8 என்று இரட்டித்துக்கொண்டே போகும் இந்த வடிவிலான எண்கள் (இன்று ஃபெர்மா எண்கள் எனப்படுபவை) எல்லாம் பகா எண்கள் என்ற நம்பிக்கையை எழுதியிருக்கிறார். 1729 டிசம்பர் 1 அன்று எழுதிய கடிதத்தில் கோல்ட்பாக் என்ற கணித அறிஞர் இந்தக் கூற்றைக் கணித மேதை ஆய்லரின் கவனத்துக்குக் கொண்டுவந்தார். 1732-இல் ஆய்லர் 641-ஐ அறிவித்தார். காரணிகள் 64-இன் மடங்கோடு ஒன்றைக் கூட்டிய வடிவில் இருக்கும் என்பதற்கான நிறுவலை அவர் பின்னாளில் எழுதினார். 64-ஐ 128 ஆக்கியவர் லூக்காஸ், அது 1878-இல்.

ஃபெர்மாவிடம் கருவி இல்லாமல் இல்லை. அதே 1640-இல் அவர் 2³⁷ − 1 என்ற எண்ணை எடுத்துக்கொண்டு, அதன் காரணிகள் 74-இன் மடங்கோடு ஒன்றைக் கூட்டிய வடிவில்தான் வரும் என்று கண்டு, 223 அதை வகுக்கிறது என்பதையும் கண்டுபிடித்தார். 74 × 3 + 1 = 223. ஏறத்தாழ அதே வழியில் நான்கைந்து வகுத்தல்கள் செய்திருந்தால் 641-ஐயும் எட்டியிருப்பார். அவர் செய்து பார்த்து எங்கோ ஓர் இலக்கத்தில் தவறினாரா, செய்யவே இல்லையா என்பதை அவருடைய கடிதங்களைக் கொண்டு முடிவு செய்ய இயலாது.

இந்த இடத்தில் நான் அடிக்கடி நின்று யோசிக்கும் செய்தி ஒன்று உண்டு. ஓர் எண் பகா எண்ணா என்று சோதிக்க, ஃபெர்மாவின் தேற்றத்தையே பயன்படுத்தலாம்: 2-ஐ அந்த எண்ணைவிட ஒன்று குறைவான அடுக்குக்கு உயர்த்தி, மீதி 1 வராவிட்டால் அது பகு எண் என்று அடித்துச் சொல்லிவிடலாம். 4294967297-க்கு இதைச் செய்தால் என்ன ஆகும்? அதைவிட ஒன்று குறைவான எண் 2³². 2⁶⁴-இன் மீதி 1 என்பது மேலே வந்துவிட்டது. 2³² என்பது 64-இன் மடங்கு. ஆகவே மீதி 1 என்றே வரும். பகு எண்ணாக இருந்தும் அந்தச் சோதனையில் இது தேறிவிடுகிறது. இந்த வடிவிலான எண்கள் எல்லாமே 2-ஐக் கொண்டு செய்யும் சோதனையில் தேறிவிடும், அவை பகா எண்களாக இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

2-க்குப் பதில் 3-ஐ எடுத்துக்கொண்டால் குட்டு வெளிப்பட்டுவிடும். 3-ஐ வர்க்கப்படுத்தி, 4294967297-ஆல் வகுத்து மீதியை எடுத்து, அதை மீண்டும் வர்க்கப்படுத்தி, இப்படி முப்பத்தொரு முறை செய்தால் மீதி 10324303. முப்பத்திரண்டாம் முறை 3029026160. பகா எண்ணாக இருந்திருந்தால் முப்பத்தொன்றாம் முறை −1-உம் முப்பத்திரண்டாம் முறை 1-உம் வந்திருக்க வேண்டும். 1877-இல் பெப்பின் வகுத்துத் தந்த சோதனை இதுதான். இதில் ஒரு காரணியும் தெரியாமலே, பகு எண் என்ற தீர்ப்பு மட்டும் கிடைத்துவிடுகிறது.

பதில் 3: இருமம்

நான் மென்பொருள் துறையில் இருப்பவன், ஆகவே இந்த எண்ணை அன்றாடம் பார்க்கிறேன். 64 இரும இலக்கங்களும் ஒன்றாக இருக்கும் எண் இது. எதிர்மறை எண்களுக்கு இடம் விடாத 64 பிட் முழு எண் வகையில் அடங்கும் மிகப் பெரிய மதிப்பும் இதுதான். இதோடு ஒன்றைக் கூட்டினால் அந்த வகையில் பூச்சியம் வந்துவிடும்.

ஆசிரியைக்கு ஓர் எச்சரிக்கை. மாணவர்கள் கைப்பேசியிலோ விரிதாளிலோ இந்த எண்ணைச் சரிபார்க்க முயன்றால் பெரும்பாலும் ஏமாந்துபோவார்கள். ஜாவாஸ்கிரிப்டில் 2-இன் 64-ஆம் அடுக்கிலிருந்து ஒன்றைக் கழித்தால் 18446744073709552000 என்று காட்டும். வழக்கமான தசம எண் வகை 53 இரும இலக்கங்களையே துல்லியமாக வைத்திருக்கும். அறுபத்து நான்கு ஒன்றுகளை அதில் வைக்க இடமில்லாததால், எண் 2⁶⁴ ஆகவே முழுமையாக்கப்பட்டு, கழித்த ஒன்று காணாமல் போய்விடுகிறது. 3, 5, 17 என்று ஏழு பகாக் காரணிகள் உள்ள ஒற்றை எண், இரண்டைத் தவிர வேறு பகாக் காரணியே இல்லாத இரட்டை எண்ணாக மாறிவிடுகிறது. பைத்தானில் முழு எண்களுக்கு இந்த வரம்பு இல்லை, அதில் செய்யச் சொல்லுங்கள்.

காரணிகளைப் பற்றி இன்னொரு செய்தி. ஏழு பகாக் காரணிகளும் ஒவ்வொரு முறை மட்டுமே வருவதால், இந்த எண்ணுக்கு மொத்தம் 2⁷ = 128 வகு எண்கள் உண்டு. இதையும் சொல்கிறேன்: ஓரங்களில் 1-உம், உள்ளே ஒவ்வோர் இடத்திலும் மேலே உள்ள இரண்டு எண்களின் கூடுதலும் வரும் பாஸ்கல் முக்கோணத்தில் ஒற்றை எண்களுக்குப் பதில் 1, இரட்டை எண்களுக்குப் பதில் 0 என்று எழுதி, ஒவ்வொரு வரியையும் இரும எண்ணாக வாசியுங்கள். 1, 3, 5, 15, 17, 51, 85, 255, 257 என்று வரும். முப்பத்திரண்டாம் வரியில் எல்லாம் ஒன்றுகள், மதிப்பு 4294967295. முப்பத்து மூன்றாம் வரியில் இரண்டு ஓரங்களிலும் ஒன்று, நடுவில் முழுவதும் பூச்சியம், மதிப்பு 4294967297. அறுபத்து நான்காம் வரியில் மீண்டும் எல்லாம் ஒன்றுகள், அதுவே நம் எண்.

பதில் 4: மீதி_ஒன்று

இருமம் அவர்கள் சொன்ன முக்கோணத்தின் முப்பத்து மூன்றாம் வரி, வடிவியலிலும் ஓர் எல்லைக்கோடு. 1796-இல் காஸ், பதினேழு பக்க ஒழுங்கு பலகோணத்தை அளவுகோலும் கவராயமும் மட்டும் கொண்டு வரைய முடியும் என்று காட்டினார். அப்போது அவருக்குப் பத்தொன்பது வயதுகூட நிறையவில்லை. பக்கங்களின் எண்ணிக்கை ஒற்றை எண்ணாக இருந்தால், அது 3, 5, 17, 257, 65537 போன்ற ஃபெர்மா பகா எண்களை ஒவ்வொன்றும் ஒரு முறைக்கு மேல் வராமல் பெருக்கிக் கிடைத்ததாக இருக்க வேண்டும். அப்படி இருந்தாலன்றி வரைய முடியாது என்ற மறுபக்கத்தை 1837-இல் வான்ட்செல் நிறுவினார். தெரிந்த ஃபெர்மா பகா எண்கள் ஐந்தே என்பதால், வரையக்கூடியவை என்று நமக்குத் தெரிந்த ஒற்றைப்படைப் பலகோணங்கள் முப்பத்தொன்று. முக்கோணத்தின் இரண்டாம் வரி முதல் முப்பத்திரண்டாம் வரி வரை உள்ள மதிப்புகள் அவையேதான். அவற்றுள் பெரியது 4294967295 பக்கங்கள் கொண்டது. அதை வரையக் கொள்கையளவில் தடையில்லை. ஆனால் 18446744073709551615 பக்கங்கள் கொண்ட பலகோணத்தை வரையவே முடியாது. குறுக்கே நிற்பவை 641-உம் 6700417-உம்.

வரிசை அதற்குப் பின்னும் சீர்ப்படவில்லை. அடுத்த எண் 2⁶⁴ + 1, அதாவது சதுரங்க எண்ணோடு இரண்டைக் கூட்டியது. அதை 1880-இல் லாண்ட்ரி என்பவர் தமது எண்பத்திரண்டாம் வயதில் 274177 × 67280421310721 என்று பிரித்தார். 65537-க்குப் பிறகு தொடர்ச்சியாக இருபத்தெட்டு ஃபெர்மா எண்கள் பகு எண்கள் என்று இதுவரை நிறுவப்பட்டுள்ளன. ஆறாவதாக ஒரு ஃபெர்மா பகா எண் எங்கேனும் இருக்கிறதா என்ற கேள்வி இன்னும் திறந்தே கிடக்கிறது.

கரும்பலகை

அனைவருக்கும் என் மனமார்ந்த நன்றி. நேற்று இரண்டு பாடவேளைகளை இதற்கே ஒதுக்கினேன். நான் முன்பு சொன்னது தவறு என்று தொடங்கி, 641-இன் இரு வடிவங்களையும் எழுதிக் காட்டினேன். 625 + 16 என்று எழுதியவுடன் வகுப்பு அமைதியாகிவிட்டது. பிறகு வகுப்பை ஐந்து குழுக்களாகப் பிரித்து, 6700417-ஐ வகுக்க ஆளுக்கொரு பகா எண்ணைக் கொடுத்தேன். 1153 கிடைத்த குழு முதலில் மீதி பூச்சியம் என்று கத்திவிட்டது. பக்கத்துக் குழுவில் இருந்த மாணவி அவர்கள் கண்ட ஈவு 5811-ஐ 1153-ஆல் திரும்பப் பெருக்கிப் பார்த்து, 6700083 மட்டுமே வருகிறது, 334 குறைகிறது என்று காட்டினாள். முதல் கேள்வியைக் கேட்டவளும் அவள்தான்.

இப்போது அவள் இன்னொன்று கேட்கிறாள்: 67280421310721 பகா எண் என்பதையும் இதேபோல வகுப்பில் வகுத்துக் காட்ட முடியுமா?

மீதி_ஒன்று

அந்த மாணவிக்கு என் வாழ்த்துகளைச் சொல்லுங்கள். விதி அதேதான், 128-க்குப் பதில் 256. 274177-உம் 256 × 1071 + 1 என்ற வடிவில் இருப்பதை அவளே சரிபார்க்கலாம். ஆனால் 67280421310721-இன் வர்க்கமூலம் எண்பத்திரண்டு லட்சத்தைத் தாண்டுகிறது. அதுவரை அந்த வடிவில் 32040 எண்கள் உள்ளன. பகு எண்களை நீக்கினாலும் ஆயிரக்கணக்கில் எஞ்சும், ஆகவே வகுப்பறையில் கையால் இயலாது. பைத்தானில் நான்கு வரிகளில் எழுதிவிடலாம், கண் இமைக்கும் நேரத்தில் விடை வந்துவிடும். அந்த நான்கு வரிகளையும் அவளையே எழுதச் சொல்லுங்கள்.